அரசாங்கமே வீட்டுச் சொந்தக்காரராகும்போது: டர்பன் தொடர்மாடிகள் கூறும் பாடம்

வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் இடையில் பிணக்கு ஏற்படுவது எங்கும் காணப்படும் சாதாரண விடயமாகும். சொந்தக்காரர் வாடகையை உயர்த்துகிறார். குடியிருப்பவர் இயலாது என்கிறார். பிணக்கு முற்றும்போது மூன்றாந் தரப்பாக அரசாங்கம் தலையிடுகிறது. வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டத்தை இயற்றுவதும், முறைப்பாடுகளைக் கேட்கும் சபைகளை அமைப்பதும், நினைத்த மாத்திரத்தில் ஒருவரை வீதியில் தள்ளிவிட முடியாதவாறு தடுப்பதும் அதன் கடமைகளாகக் கருதப்படுகின்றன. இலங்கையில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இயற்றப்பட்டதும் இந்த எண்ணத்தின் அடிப்படையிலேயே ஆகும்.

ஆனால், வீட்டுச் சொந்தக்காரரே அரசாங்கமாக இருந்தால் நிலைமை என்ன? வாடகையை நிர்ணயிப்பதும் அறவிடுவதும் அரசாங்கம். வெளியேற்றும் அறிவித்தலை அனுப்புவதும் அரசாங்கம். அதனை நிறைவேற்ற வரும் பொலிஸாரும் அரசாங்கத்தின் பொலிஸாரே. நடுவராக நிற்க வேண்டியவரே எதிர்த்தரப்பாக வந்து நிற்கும்போது குடியிருப்பாளர் யாரிடம் முறையிடுவது?

இக்கேள்விக்கு ஏட்டுப் படிப்பினால் அன்றி, வாழ்ந்து விடை தேடியவர்கள் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரத் தொடர்மாடிகளில் வசித்த வறிய மக்கள். அவர்களுள் கணிசமானோர் தமிழ் வம்சாவளியினர். அவர்களுடன் தோளோடு தோள் நின்றவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர்; சூலு மொழி பேசும் ஆபிரிக்கர்களும் இருந்தனர். அவர்களது அனுபவத்தை அறிந்துகொள்வது எமது வாசகர்களுக்கும் பயனுள்ளதாகும்.

சட்ஸ்வர்த் உருவான விதம்

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்ட முதலாவது தொகுதியினர் இவர்களே. 1911ஆம் ஆண்டு இம்முறை நிறுத்தப்படும் வரை ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வாறு சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தமிழரும் தெலுங்கருமாவர். எமது மலையகத்தின் பெருந்தோட்டங்களுக்கு மக்கள் கொண்டுவரப்பட்ட அதே காலத்தின் மற்றொரு கிளைக் கதை இது.

ஒப்பந்தம் முடிந்தவர்களிற் பலர் டர்பன் நகரின் ஓரங்களில் காய்கறித் தோட்டங்களைச் செய்கைபண்ணினர். தகரக் கொட்டில்களை அமைத்தனர். கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் தமது சொந்தப் பணத்திலேயே எழுப்பினர். நகரசபையின் துப்புரவுத் தொழிலாளர்கள் மகசீன் பராக்ஸ் எனப்பட்ட தொடர் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1950ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இனவாரிப் பிரதேசச் சட்டம் இவ்வாழ்க்கையைத் தலைகீழாக்கியது. எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வாழலாம் என்பதை இனி அரசாங்கமே தீர்மானிக்கும் என்றாயிற்று. டர்பன் நகரின் பகுதிகள் 1958ஆம் ஆண்டில் இவ்வாறு பிரகடனப்படுத்தப்பட்டதைத் தொடர்ந்து, பல்லாயிரக்கணக்கான இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் தமது மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டன.

அவர்களைக் குடியமர்த்துவதற்காக 1964ஆம் ஆண்டு முதல் நகரின் தென்மேற்கே உருவாக்கப்பட்டதே சட்ஸ்வர்த் என்ற குடியிருப்பு நகரமாகும். வெள்ளையர் வாழும் பகுதிகளுக்கும் உம்லாசி என்ற ஆபிரிக்கர் குடியிருப்புக்கும் இடையில் ஒரு தடுப்புச் சுவர் போல அது திட்டமிடப்பட்டது. 1976ஆம் ஆண்டளவில் நகரின் வடக்கே, காந்தியடிகள் 1904இல் அமைத்த பீனிக்ஸ் குடியேற்றத்துக்கு அண்மையில், பீனிக்ஸ் என்ற பெயரிலேயே மற்றொரு குடியிருப்பு நகரம் எழுந்தது. இரண்டிலும் பெரும்பாலான வீடுகளுக்கும் தொடர்மாடிகளுக்கும் நகரசபையே சொந்தக்காரர்.

இதில் ஒரு விடயத்தை ஊன்றி நோக்க வேண்டும். இம்மக்கள் தாமாக விரும்பி அரசாங்கத்தின் வாடகைக் குடியாட்களாக ஆனவர்கள் அல்லர். சொந்த மண்ணில் வாழ்ந்தவர்களை அரசாங்கம் அகற்றியது. தான் கட்டிய வீட்டில் இருத்தியது. பின்னர் அந்த வீட்டுக்கு வாடகை கேட்டது. இடம்பெயர்க்கப்பட்டவர் பலர் தொழில் செய்த இடங்களுக்கு வெகு தொலைவில் விடப்பட்டதனால் பஸ் கட்டணமும் மேலதிகச் சுமையாயிற்று. வாடகை உயர்த்தப்பட்ட போதெல்லாம் எழுந்த ஆத்திரத்தின் வேர் இங்கேயே இருந்தது.

"அசினமாலி"

1980ஆம் ஆண்டில் டர்பனின் பல குடியிருப்புப் பகுதிகளைச் சேர்ந்த குடியிருப்பாளர் குழுக்கள் ஒன்றிணைந்து டர்பன் வீடமைப்பு நடவடிக்கைக் குழுவை அமைத்தன. இந்திய வம்சாவளியினரும், 'கலப்பினத்தவர்' என்று அன்றைய சட்டம் வகுத்தவர்களும் இதில் ஒரே மேசையில் அமர்ந்தனர். அரசாங்கம் பிரித்து வைத்தவர்களை வாடகைச் சிட்டை ஒன்றுசேர்த்தது எனலாம்.

ஆபிரிக்கர் குடியிருப்புகளிலும் இதே பிரச்சினை மூண்டது. 1983ஆம் ஆண்டு லமொன்ட்வில் முதலான இடங்களில் வாடகை உயர்வு அறிவிக்கப்பட்டபோது கூட்டு வாடகை நடவடிக்கைக் குழு உருவாகியது. வாடகை உயர்வை எதிர்த்துக் குரல் கொடுத்த லமொன்ட்வில் உறுப்பினரான ஹரிசன் டூபே அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போராட்டத்தின் முழக்கமாக ஒலித்த சூலு மொழிச் சொல் "அசினமாலி" என்பதாகும். "எங்களிடம் பணமில்லை" என்பதே அதன் பொருள். இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ம்பொங்கேனி ங்கேமா எழுதிய நாடகம் பின்னர் உலக அரங்குகள் பலவற்றை எட்டியது.

இந்தச் சொல்லில் அடங்கியுள்ள நுட்பத்தை இங்கு கவனிக்க வேண்டும். "தரமாட்டோம்" என்று அம்மக்கள் கூறவில்லை. "இல்லை" என்றே கூறினார்கள். விருப்பமின்மை வேறு, இயலாமை வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு அரசாங்கம் ஆயத்தமாக இருக்கிறதா என்பதுதான் இத்தகைய பிணக்குகள் எல்லாவற்றினதும் மையக் கேள்வியாகும்.

ஆயத்தமாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அடுத்த ஆண்டே சான்றாகியது. 1982ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட கறுப்பினத்தவர் உள்ளூராட்சிச் சட்டம் ஆபிரிக்கர் குடியிருப்புகளுக்குத் தனியான சபைகளை ஏற்படுத்தியது. ஆனால், வரி செலுத்தக்கூடிய தொழிற்சாலைகளும் வர்த்தக நிலையங்களும் வெள்ளையர் நகரசபைகளின் எல்லைக்குள்ளேயே இருந்தன. எனவே இந்தப் புதிய சபைகளுக்குக் கிடைத்த பிரதான வருமானம் வறியவர்களின் வாடகையும் சேவைக் கட்டணமுமே. செலவு கூடும் போதெல்லாம் வாடகையை உயர்த்துவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஜொஹன்னஸ்பேர்க்கின் தெற்கே வால் முக்கோணம் எனப்படும் பகுதியில் லெக்கோவா நகரசபை மாதாந்தம் 5 ராண்ட் 90 சதம் உயர்வை அறிவித்தது. 1984 செப்டெம்பர் 3ஆம் திகதி மக்கள் வேலைக்குச் செல்லாது வீதியில் இறங்கினர். அந்நாள் இரத்தக் களரியில் முடிந்தது. பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர்; சபை உறுப்பினர்களும் கொல்லப்பட்டனர். இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனித்தனி மன்றங்களை வழங்கிய, ஆனால் பெரும்பான்மை ஆபிரிக்கரை முற்றாக ஒதுக்கிய புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் அதே நாளிலாகும். அந்த மன்றத்துக்கான தேர்தலில் பதிவுசெய்த இந்திய வம்சாவளி வாக்காளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே வாக்களித்தமை, சலுகையைக் காட்டித் தம்மைப் பிரிக்க முடியாது என்பதை உணர்த்தியது.

1986 ஜூன் மாதம் சொவெட்டோவிலும் வாடகைப் பகிஷ்கரிப்பு ஆரம்பமாகியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கு வெளியேற்றல் நடவடிக்கைகளை ஒட்டி மூண்ட மோதலில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனினும் பகிஷ்கரிப்பு ஓயவில்லை. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1990 செப்டெம்பரில் கைச்சாத்தான சொவெட்டோ உடன்படிக்கையின்படி வாடகை நிலுவைகள் தள்ளுபடி செய்யப்பட்டன. வெள்ளையர் நகரமும் கறுப்பர் குடியிருப்பும் ஒரே வரி வருமானத்தைப் பகிர வேண்டும் என்ற கோரிக்கையும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. வாடகைச் சிட்டையிலிருந்து தொடங்கிய போராட்டம் நாட்டின் ஆட்சிமுறை பற்றிய கேள்வியாக வளர்ந்து நின்றது.

விடுதலைக்குப் பின்னரும்

1994ஆம் ஆண்டில் நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்தது. இனி இக்கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால், சட்ஸ்வர்த் மக்களுக்கு மிகவும் கசப்பான அத்தியாயம் அதன் பின்னரே ஆரம்பமாகியது.

இறக்குமதித் தீர்வைகள் குறைக்கப்பட்டதும் மலிவான வெளிநாட்டு ஆடைகள் சந்தையை நிரப்பின. டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து குடும்பத்தைக் காத்துவந்த பெண்கள் வேலையிழந்தனர். அதே வேளையில், 1996ஆம் ஆண்டின் புதிய பொருளாதாரக் கொள்கை அரச செலவினத்தைக் கட்டுப்படுத்த முனைந்தது. செலவை அறவிட்டுக்கொள்ளுங்கள் என்பதே உள்ளூராட்சி நிறுவனங்களுக்கு விடுக்கப்பட்ட செய்தியாயிற்று. தொடர்மாடிகளின் சொந்தக்காரரான டர்பன் மாநகர சபை நிலுவைக் கணக்கைக் கையில் எடுத்தது. நிலுவை வைத்தோருக்கு அறிவித்தல் அனுப்பப்பட்டது, நீர் வெட்டப்பட்டது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது, இறுதியில் தளபாடங்கள் முற்றத்தில் வீசப்பட்டன. சுவர்களில் நீர்க்கசிவும் உடைந்த குழாய்களுமாகப் பல ஆண்டுகள் திருத்தப்படாத வீடுகளுக்கே இந்த நிலுவை கேட்கப்பட்டது என்பதும் கவனத்திற்குரியது.

1999ஆம் ஆண்டு பொதுத் தேர்தலுக்கு முன்னர் பேராசிரியை பாத்திமா மீர் சட்ஸ்வர்த்துக்குச் சென்றார். நிறவெறி ஆட்சியினால் தடைசெய்யப்பட்டவர், சிறையிலிடப்பட்டவர், நெல்சன் மண்டேலாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் என்ற பெருமைகளுக்குரிய முஸ்லிம் பெண்மணி அவர். ஆளுங்கட்சிக்கு வாக்களிக்குமாறு இந்திய வம்சாவளி மக்களிடம் கேட்பதே அவரது நோக்கமாக இருந்தது. ஆனால், தொடர்மாடிகளின் படிகளில் ஏறி இறங்கியபோது அவர் கண்ட வறுமை அவரது பணியை மாற்றியது. வாக்குக் கேட்கச் சென்றவர் வாடகைக் குடியாட்களின் வழக்கறிஞராகத் திரும்பினார். அவரைச் சுற்றி உருவாகிய அக்கறையுள்ள பிரசைகள் மன்றம், பேவியூ, வெஸ்ட்கிளிப் போன்ற பகுதிகளின் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கங்களுக்குத் துணை நின்றது.

2000ஆம் ஆண்டில் பேவியூவில் குடும்பங்களை வெளியேற்ற வந்த அதிகாரிகளையும் பொலிஸாரையும் குடியிருப்பாளர்கள் திரண்டு மறித்தனர். பெண்களே முன்வரிசையில் நின்றனர். கண்ணீர்ப் புகை வீசப்பட்டது, துப்பாக்கிகளும் வெடித்தன. ஒருபுறம் இவ்வாறு உடலை அரணாக்கி நின்றவர்கள், மறுபுறம் சட்டத்தரணிகளின் துணையுடன் நீதிமன்றப் படிகளையும் ஏறினர். இந்தியர்கள் ஏற்கெனவே வசதி பெற்றவர்கள் என்ற தொனியில் சபை உறுப்பினர் ஒருவர் பேசியபோது, தாங்கள் இந்தியரும் அல்லர், ஆபிரிக்கரும் அல்லர், ஏழைகள் என்று ஒரு பெண் திருப்பிக் கூறியதாகப் பதிவாகியுள்ளது. அந்தச் சொல்லே அம்மக்களின் அடையாளமாயிற்று. சமூகவியலாளர் அஷ்வின் தேசாய் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் தலைப்பும் அதுவே.

அது வெறும் மேடைப் பேச்சாக இருக்கவில்லை. 1994இன் பின்னர் இத்தொடர்மாடிகளில் ஆபிரிக்கக் குடும்பங்களும் குடியேறியிருந்தன. பல பிள்ளைகளுடன் வெஸ்ட்கிளிப் தொடர்மாடியில் வசித்த ஆபிரிக்கத் தாய் ஒருவரின் நீர் விநியோகம் துண்டிக்கப்பட்டபோது, அயலில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் அவருக்குத் துணைநின்று வழக்கை மேல் நீதிமன்றம் வரை கொண்டுசென்றனர். 2001ஆம் ஆண்டின் தீர்ப்பு மாநகர சபைக்கே சாதகமாக அமைந்தது. அடிப்படை நீர் விநியோகம் எவ்வளவு என்பதை வரையறுக்கும் ஒழுங்குவிதிகள் அப்போது ஆக்கப்பட்டிருக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணமாகும். ஆயினும், இனத்தின் பெயரால் வேறுவேறு குடியிருப்புகளில் அடைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் ஒரே வழக்கில் ஒரே பக்கம் நின்றதே ஒரு வெற்றிதான்.

சட்டம் வைத்த வேலி

இப்போராட்டங்களின் மிக நிலையான பயன் தென்னாபிரிக்காவின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு போதிய வீட்டு வசதியை அணுகும் உரிமையை அனைவருக்கும் உறுதிப்படுத்துகிறது. எவரையும் அவரது வீட்டிலிருந்து வெளியேற்றுவதானால் நீதிமன்றக் கட்டளை அவசியம். அக்கட்டளையை வழங்குமுன் தொடர்புடைய சூழ்நிலைகள் அனைத்தையும் நீதிமன்றம் கருத்திற்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு விதிக்கிறது. அரசாங்கமே சொந்தக்காரராக இருந்தாலும் இதிலிருந்து விதிவிலக்கு இல்லை.

1998ஆம் ஆண்டில் சட்டவிரோத வெளியேற்றலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. வாடகை ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீட்டில் தங்கியிருப்போருக்கும் அதன் பாதுகாப்பு உண்டு என 2002ஆம் ஆண்டில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004ஆம் ஆண்டில் போர்ட் எலிசபெத் நகரசபை, 23 சிறுவர்கள் உட்பட 68 பேரை வெளியேற்ற முயன்ற வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் அனுமதி மறுத்தது. மத்தியஸ்தத்துக்கு முயற்சிக்காமல் மக்களை வெளியேற்றக் கோருவது சாதாரணமாக ஏற்கத்தக்கதல்ல என்ற நிலைப்பாட்டை நீதியரசர் அல்பி சாக்ஸ் அத்தீர்ப்பில் விளக்கினார். 2008ஆம் ஆண்டில் ஜொஹன்னஸ்பேர்க் வழக்கொன்றில், வெளியேற்றத்துக்கு முன்னர் குடியிருப்பாளருடன் பொருளுள்ள கலந்துரையாடலை நடத்துவது நகரசபையின் கடமை என அதே நீதிமன்றம் விதித்தது.

இத்தீர்ப்புகள் அனைத்தினதும் சாரம் ஒன்றே. வெளியேற்றுவதற்கு முன்னர் கேள்: இவர்களுக்கு இயலவில்லையா, அல்லது விருப்பமில்லையா? வேறு போக்கிடம் உண்டா? "அசினமாலி" என்று வீதியில் எழுந்த முழக்கம் இரு தசாப்தங்களின் பின்னர் நீதிமன்றம் கேட்டேயாக வேண்டிய கேள்வியாக மாறியது.

மறுபக்கம்

இவ்விடயத்தில் மறுபக்கத்தையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். கூரை ஒழுகினால் திருத்த வேண்டும். நீரிறைக்கும் இயந்திரம் பழுதடைந்தால் மாற்ற வேண்டும். மின்தூக்கியை இயக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்? எல்லோரும் வாடகையை நிறுத்திவிட்டால் இறுதியில் பாதிக்கப்படுவோரும் அதே குடியிருப்பாளர்களே. இதனை மண்டேலாவும் உணர்ந்திருந்தார். 1995ஆம் ஆண்டில் அவர் தொடக்கிவைத்த "மசக்கானே" இயக்கம், பகிஷ்கரிப்புக் காலம் முடிந்துவிட்டது, இனிக் கட்டணத்தைச் செலுத்தி ஒன்றாகக் கட்டியெழுப்புவோம் என்று மக்களிடம் கேட்டது. அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. சொவெட்டோவின் மின்கட்டண நிலுவை பிற்காலத்தில் பல பில்லியன் ராண்டாகப் பெருகியது. இயலாதவரின் கேடயத்தை இயன்றவரும் பயன்படுத்திக்கொள்வது உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இயலாதவரையும் இயன்றவரையும் வேறுபடுத்த வழியே இல்லையா? இவ்வினாவுக்கு வேறொரு நாட்டின் வாடகைக் குடியாட்கள் கண்ட விடை கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் 1969ஆம் ஆண்டு பொது வீடமைப்புக் குடியிருப்பாளர்கள் ஒன்பது மாதங்கள் வாடகையை நிறுத்திவைத்தனர். வருமானத்தில் பெரும் பங்கை வாடகையே விழுங்குகிறது என்பது அவர்களது முறைப்பாடு. போராட்டத்தின் முடிவில் வாடகை, குடும்ப வருமானத்தின் 25 சதவீதத்தை மிஞ்சக்கூடாது என்ற கோட்பாடு ஏற்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நாடளாவிய சட்டமாகவும் அது நிறைவேறியது. பின்னர் 1981இல் அவ்வரம்பு 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வருமானம் குறைந்தால் வாடகையும் குறையும், கூடினால் கூடும். இயலாமையை அளப்பதற்கு அது ஓர் அளவுகோல்.

அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாடகை வரம்புக்குட்பட்டதும் வீடமைப்பு அதிகார சபைகளின் வருமானம் வீழ்ந்தது. அந்த இடைவெளியை நிரப்ப மத்திய அரசு வழங்கிய மானியம் போதியதாக இருக்கவில்லை, பராமரிப்பு நலிந்தது. அப்போராட்டத்தில் பங்கேற்றவர்கள் வாழ்ந்த ப்ரூயிட்-ஐகோ தொடர்மாடிகள் 1972ஆம் ஆண்டு முதல் இடித்துத் தகர்க்கப்பட்டன. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், வறியவரின் வாடகையை மட்டும் கொண்டு வறியவரின் வீட்டைப் பராமரிக்க முடியாது என்பதை லெக்கோவாவைப் போலவே சென்ற் லூயிஸும் உணர்த்தியது. மீதியைப் பொதுவான வரிப் பணமே ஈடுசெய்ய வேண்டும். அதற்கு ஆயத்தமில்லாத அரசாங்கம் வீட்டுச் சொந்தக்காரர் என்ற பாத்திரத்தை ஏற்றிருக்கவே கூடாது.

எமது முற்றத்தில்

டர்பனைப் பற்றிப் பேசும்போது கொழும்பின் நினைவு வராமல் இராது. 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்ந்த ஆண்டுகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த பல தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. தலைமுறையாகத் தமது வீடென்று வாழ்ந்தவர்கள், புதிய வீட்டுக்காக மாதாந்தக் கட்டணத்தை ஆண்டுக் கணக்கில் செலுத்த வேண்டியவர்களானார்கள். சட்ஸ்வர்த்தின் தொடக்கத்தில் இருந்த அதே வரிசை: அகற்றுதல், குடியமர்த்துதல், பின்னர் அறவிடுதல். அங்கு இனவாதச் சட்டம் செய்ததை இங்கு நகர அழகுபடுத்தல் செய்தது. காரணங்கள் வேறாயினும் வாடகைச் சிட்டையைக் கையில் வைத்திருக்கும் தாயின் கவலை ஒன்றுதான். 2023 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், இத்தகைய 50,000 குடும்பங்களுக்கு வீட்டு உரிமை வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டமை இக்கவலையை அரசும் ஏற்றுக்கொண்டதன் அறிகுறியாகும்.

ஆனால், எமது சட்டப் புத்தகத்தில் அந்த வேலி இன்னும் எழவில்லை. போதிய வீட்டு வசதி பற்றி எமது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை பேசுகிறது. எனினும் அது அரச கொள்கைக்கான வழிகாட்டித் தத்துவம் மாத்திரமே. நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாதது என 29ஆம் உறுப்புரை கூறிவிடுகிறது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் வெளியேற்றக் கோரிக்கை நீதிவான் முன் வரும்போது, தம்மிடம் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து மூல அதிகாரமோ உண்டு என்று காட்டுவது மட்டுமே குடியிருப்பவருக்கு உள்ள வழி. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார், எத்தனை பிள்ளைகள், தொழில் போனதா, போக்கிடம் உண்டா என்பன அங்கு எழுப்பக்கூடிய கேள்விகளே அல்ல. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம் என்பது உண்மை. நாட்கூலி பெறுபவருக்கு அது எத்துணை தூரமான வாசல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தென்னாபிரிக்க நீதிபதி கேட்டேயாக வேண்டிய கேள்வியை இலங்கை நீதிவான் கேட்க முடியாதவாறு சட்டம் கட்டிப்போட்டுள்ளது. இந்த வேறுபாட்டை நீக்குவதற்கு ஒரு சட்டத் திருத்தம் போதும். வெளியேற்றக் கட்டளைக்கு முன்னர் குடும்பத்தின் சூழ்நிலையை விசாரிக்கும் அதிகாரத்தை நீதிவானுக்கு வழங்குவதும், தொடர்மாடிக் கட்டணத்தைக் குடும்ப வருமானத்தின் ஒரு பங்காக வரையறுப்பதும் அரச கருவூலத்தை வற்றச் செய்யும் காரியங்களல்ல.

ஆனால், அத்தகைய திருத்தம் தானாக வந்துவிடாது. டர்பனில் அது வந்தது, தமிழ்ப் பெண்ணும் சூலுப் பெண்ணும் ஒரே மாடிப்படியில் நின்றதனால். முஸ்லிம் பேராசிரியை ஒருவர் அவர்களுக்காகத் தமது சொந்தக் கட்சியையே கேள்விக்குட்படுத்தியதனால். கொழும்பின் தொடர்மாடிகளிலும் ஒரே படிக்கட்டில் மூவினத்தவரும் ஏறி இறங்குகின்றனர். நீர்க் கட்டணச் சிட்டை மூவருக்கும் ஒரே நாளில்தான் வருகிறது. ஒவ்வொருவரும் தத்தம் அரசியல்வாதியின் வாசலில் தனித்தனியே காத்து நிற்பதா, அல்லது அந்தப் படிக்கட்டிலேயே ஒன்றாக அமர்ந்து பேசுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்களே.